கண்ணாடியில் நின்ற ஆள்

தென்கரை மாவட்டக் காட்சித் தீர்ப்பாயம். அறை எண் இரண்டு. காலை மணி 10.40.

ஆஜரில் இருந்தவர்கள்:

தீர்ப்பாளர் கோமதிநாயகம்.
எழுத்தர் இசக்கியப்பன்.
பதிவு வாசிப்பாளர் எஸ்தர்.
பேருந்துக் கம்பெனியின் வழக்கறிஞர் தேவசகாயம்.
சாட்சி, ஓட்டுநர் அருளப்பன்.
குற்றம் சாட்டப்பட்டவர், நடத்துநர் தவசி.
வாசலில், டவாலி பூலோகம்.

மேற்படி விவரம் எழுத்தரின் கண்பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. திருத்தத்துக்கு உட்பட்டதல்ல.

பட்டியலை இசக்கியப்பன் எழுதவில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் தலையைச் சுற்றியிருந்த பதிவுப்பட்டை அவர் பார்த்ததை மூளையிலிருந்து எடுத்து, முகங்களைப் பெயர்களாக்கித் திரையில் போட்டது. பதினொரு வருடமாக இப்படித்தான். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

எஸ்தர் பட்டியலைப் பார்க்கவில்லை. அவள் கவலை வேறு. இன்று இந்த அறையில் ஒருவனுக்கு ஏழு வருடச் சிறை கிடைக்கப்போகிறது. அவன் அதைச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை நிரூபிக்கும் பொருள் அவள் மேசை மேலிருந்த வாசிப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. போட்டுக் காட்ட விதி இடம் தரவில்லை. மூன்று முறை மனு எழுதினாள். மூன்றும் ‘தேவையில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தன.

அந்த எரிச்சலோடுதான் காலையில் படியேறினாள். டவாலி பூலோகம், தீர்ப்பாயத்தின் வாசல் சேவகர், கன்னத்தைப் பிடித்தபடி எதிரே இறங்கி வந்தார். “பல்லும்மா, உயிர் போகுது” என்றார். அவள் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டாள். அடுத்த நிமிடமே அதை மறந்தும் போனாள்.

வழக்கு சின்னது. மார்ச் நாலாம் தேதி காலை ஒன்பது பன்னிரண்டுக்கு, பேருந்து நிலையத்தில் ஒரு தனியார் பேருந்து பின்னால் எடுத்தபோது, சுமை தூக்கும் தொழிலாளி பால்ச்சாமி சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கிச் செத்தார். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. நடத்துநர் இறங்கிப் பின் மூலையில் நிற்பார். தகரத்தைக் கையால் தட்டி, “வரலாம், வரலாம்” என்பார். தட்டுச் சத்தம் கேட்டதும் ஓட்டுநர் இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துவார். தட்டாவிட்டால் சக்கரம் சுற்றாது. ஆள் இருப்பதைப் பார்க்காமல் தட்டினால் குற்றம் நடத்துநருடையது.

அருளப்பன் தட்டுச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். கண்ணாடியில் பார்த்ததாகவும், அங்கே தவசி கையைத் தூக்கி நின்றதாகவும் சொன்னார். அவர் சொல்வதை யாரும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுநர்கள் வேலை நேரத்தில் பதிவுப்பட்டை அணிய வேண்டும் என்பது சட்டம். அவர் கண்பதிவிலேயே தவசி இருந்தான். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, தூக்கிய கை, எல்லாம் துல்லியமாக.

தவசி, தான் அங்கே இல்லை என்றான். நேரக்காப்பாளர் ஜன்னலில், வண்டி வந்த நேரம் குறிக்கும் நடைத்தாளை நீட்டிக்கொண்டு நின்றேன் என்றான். இரண்டு நிமிடம் தாமதமானால் பின்னால் வரும் வண்டிக்காரன் இவர்கள் நேரத்தைப் பிடித்துக்கொள்வான். அதனால் வண்டி வந்து நின்றதும் நடத்துநர்கள் குதித்து ஓடுவார்கள். நேரக்காப்பாளரும் ஆமாம் என்றார். நடைத்தாளில் ஒன்பது பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. பேருந்து நிலையக் காமிராவிலும் தவசி அந்த ஜன்னலில்தான் நின்றான்.

இதில் எதுவும் செல்லாது.

காமிரா செத்துப் பல காலமாகிறது. யார் வேண்டுமானாலும் யார் முகத்தையும் எங்கு வேண்டுமானாலும் ஒட்டி, நடக்காததை நடந்ததாகக் காட்டலாம் என்று ஆன பிறகு, நீதிமன்றங்கள் படங்களை வெளியே எறிந்தன. பின்னாலேயே குரல் போயிற்று, காகிதம் போயிற்று. வாய்ச்சாட்சி ஏற்கெனவே நாறிக் கிடந்தது. அப்போதுதான் பதிவுப்பட்டை வந்தது. மனிதன் கண்ணால் கண்டதை அவன் மூளையிலிருந்து நேராக எடுத்துவிடலாம். மூளைக்குள் போய் யாரும் படத்தை ஒட்ட முடியாது. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சுத்தமான சாட்சி என்று அதைச் சொன்னார்கள்.

மக்கள் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால் “பதிவக் காட்டு” என்றார்கள். கல்யாண வீட்டில் புகைப்படக்காரனுக்கு வேலை இல்லை. மாப்பிள்ளையின் கண்பதிவை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதில் பெண் எப்போதும் நேரில் இருப்பதைவிடச் சற்று அழகாக இருந்தாள். தாய்மாரின் கண்பதிவில் பிள்ளைகள் எப்போதும் இளைத்துப்போயிருந்தார்கள். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. ஏன் அப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

“ஓட்டுநரின் கண்பதிவைப் போடுங்க” என்றார் தீர்ப்பாளர்.

எஸ்தர் போட்டாள். கண்ணாடி, அதில் தவசி, தூக்கிய கை. வண்டி பின்னால் நகர்கிறது. ஒரு அலறல். அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“போதும்” என்றார் கோமதிநாயகம். “வேற ஏதாவது?”

“இருக்குங்க ஐயா” என்றாள் எஸ்தர். “விழிவரவு.”

வழக்கறிஞர் தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். “ஆரம்பிச்சுட்டாங்கய்யா. மூணு தடவ மனு, மூணு தடவ தள்ளுபடி. நாலாவது தடவ வாயால.”

“பட்டையில ரெண்டு உணரி இருக்கு, ஐயா” என்றாள் எஸ்தர், அவரைப் பார்க்காமல். “ஒண்ணு நெத்திப் பக்கம். கண்ணுலேருந்து கிளம்புற நரம்பைக் கேக்கும். இன்னொண்ணு பிடரிப் பக்கம். மூளையோட பின்பக்கம், காட்சி உருவாகுற இடத்தைக் கேக்கும். நாம இங்க பாக்குறது ரெண்டாவது. முதலாவதுதான் விழிவரவு. அதையும் இயந்திரம் நாப்பது நாள் வெச்சிருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிரும். இன்னிக்கு முப்பத்தெட்டாவது நாள்.”

“அது கழிவுன்னு விதியில போட்டிருக்கே?” என்றார் தீர்ப்பாளர்.

“போட்டிருக்காங்க. பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு போட்டுட்டாங்க. பொய்யா இருந்துச்சுன்னு இல்ல.”

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர். “அஞ்சு நிமிஷம்” என்றார். “ஆவணத்துல சேராது.”

எஸ்தர் விழிவரவைத் திரையில் ஓட்டினாள்.

முதலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. படம் தலைகீழாக இருந்தது. நொடிக்கு மூன்று நாலு தடவை துள்ளிக் குதித்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெளிவு. சுற்றிலும் அழுக்குத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் கலங்கல். மேலே கிளைகிளையாக ரத்தக்குழாய்களின் நிழல். ஒரு பக்கத்தில், எதுவுமே இல்லாத கறுப்பு ஓட்டை.

“மேடம், உங்க இயந்திரத்துக்குக் காய்ச்சல்” என்றார் தேவசகாயம். இசக்கியப்பன் சிரித்தார்.

“இதுதான் சார் கண்ணு. உங்களோடதும் இப்படித்தான்.”

“எனக்கெல்லாம் ஓட்டை இல்லம்மா. போன மாசம்தான் பரிசோதன பண்ணினேன்.”

“நரம்பு வெளிய போற வாசல் அது. எல்லாருக்கும் உண்டு. அந்த இடத்துல கண்ணுக்கு எதுவும் தெரியாது. மூளை பக்கத்துல இருக்கிறத வெச்சு அடைச்சிடும்.” அவள் தீர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். “ஐயா, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமித்துங்க.”

கோமதிநாயகம் தயங்கிவிட்டு நிமிர்த்தினார்.

“அந்த நகம் அளவுக்குத்தான் கண்ணு தெளிவாப் பாக்கும். மிச்சமெல்லாம் இந்தக் கலங்கல்தான்.”

“எனக்கு அறை முழுக்கத் தெளிவாத்தானே தெரியுது?”

“அதான் ஐயா பிரச்சின.”

அவர் விரலை இறக்கினார்.

எஸ்தர் வேகமாகப் பேசினாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு போய்விட்டது. கண் அனுப்புவது நேராகக் காட்சியாவதில்லை. நடுவில் ஒரு நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்துக்கு வரும் இணைப்புகளில் பத்தில் ஒரு பங்குதான் கண்ணிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மூளையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. அதாவது, இங்கே என்ன இருக்க வேண்டும் என்று மூளை முதலிலேயே சொல்லிவிடுகிறது. கண் அதைத் திருத்த மட்டும்தான் செய்கிறது. திருத்த நேரம் கிடைத்தால்.

“அருளப்பன் அண்ணாச்சிக்கு நேரம் கிடைக்கல” என்றாள். “பாருங்க. கண்ணு கண்ணாடிப் பக்கம் தாவுது. தாவும்போது யாருக்கும் பார்வை கிடையாது. கண்ணாடியில நின்னது கால் நொடிகூட இல்ல. அதுவும் நேரா விழல, ஓரத்துல விழுந்திருக்கு. இதோ.”

படத்தை நிறுத்தினாள். கண்ணாடி இருந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு சாம்பல் கறை. அதில் முகம் இல்லை, கை இல்லை, காக்கி இல்லை.

“ஆளே இல்ல, ஐயா. ஆனா காது தட்டுச் சத்தத்தைக் கேட்டிருக்கு. ஒம்பது வருஷமா தட்டுச் சத்தம்னா தவசி. மூளை தவசியை அங்க நிறுத்திடுச்சு.”

“அப்ப தட்டினது யாரு?” என்றார் தீர்ப்பாளர்.

“பால்ச்சாமி. வண்டியோட பின் ஏணியில மூட்டையோட நின்னார். சுமை இறக்குறவங்க மூட்டையச் சரிச்சு விடும்போது தகரத்துல கைய ஊணுவாங்க. அந்தச் சத்தம்.”



அருளப்பன் எழுந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். குரல் உடைந்திருந்தது. “யம்மா, நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதியா? நான் பாத்தேன். எங்கண்ணால பாத்தேன். இவன் நின்னான். இவனுக்கும் எனக்கும் என்ன பகை? இவன் மகளுக்குக் காது குத்தும்போது மடியில வெச்சுக்கிட்டவன் நான்.”

“நீங்க பொய் சொல்லல, அண்ணாச்சி.”

“பின்ன?”

“பாத்தீங்க. ஆனா அங்க இல்ல.”

“இது என்ன பேச்சு!” அவர் தவசியிடம் திரும்பினார். “ஏலே தவசி, நின்னேன்னு ஒத்துக்கிடுல. தெரியாம தட்டிட்டேன்னு சொல்லு. ரெண்டு வருஷமாவது கொறைப்பாங்க.”

“எப்பண்ணே தட்டினேன்?” என்றான் தவசி. “நடைத்தாள நீட்டிக்கிட்டு ஜன்னல்ல கெடந்தேன். ஒமக்கு அவசரம். ஒரு நிமிசம் பொறுத்திருந்தா நானே வந்து தட்டியிருப்பேன்ல?”

“நீ நின்னலே. தோள்ல பைகூட இருந்துச்சு.”

எஸ்தர் அதற்காகத்தான் காத்திருந்தாள். “தவசி, தோல்பைய எப்ப விட்டீங்க?”

“பொங்கலோட விட்டாச்சு. கம்பெனியில சீட்டு மெசின் குடுத்துட்டான். இடுப்புல மாட்டுறது. பை வீட்டுல கெடக்கு, எம் பொண்ணு கலர் பென்சில் போட்டு வெச்சிருக்கா.”

“ஐயா, விபத்து மார்ச் நாலு. கண்ணாடியில இருக்கிற தவசிகிட்ட தோல்பை இருக்கு. அது மார்ச் மாசத்துத் தவசி இல்ல. அண்ணாச்சி மூளையில ஒம்பது வருஷமா இருக்கிற தவசி.”

கோமதிநாயகம் நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். எஸ்தருக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

“பை அன்னைக்கு மட்டும் எடுத்துட்டு வந்திருக்கலாம்” என்றார் தேவசகாயம்.

“என்னத்துக்கு?” என்றான் தவசி.

“அது உனக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது கண்பதிவுல இருக்கு.” அவர் எழுந்து நின்றார். குரல் இப்போது விளையாட்டாக இல்லை. “ஐயா, ஒண்ணு யோசிங்க. மேடம் சொல்றத ஒத்துக்கிட்டா, கண்பதிவுல இல்லாததும் இருக்கும்னு ஆகுது. அப்ப இந்த மாவட்டத்துல மட்டும் கண்பதிவ வெச்சுக் குடுத்த தீர்ப்பு எத்தன?”

“நாலாயிரத்துச் சொச்சம்” என்றார் இசக்கியப்பன்.

“ஐயா மட்டும் குடுத்தது?”

இசக்கியப்பன் தீர்ப்பாளரைப் பார்த்தார்.

“அறுநூத்திப் பதினொண்ணு” என்றார் கோமதிநாயகம். அவர் குரலில் எதுவும் இல்லை. “அதுல முப்பத்திரண்டு ஆயுள்.” மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “எஸ்தர், ஒரு ஓட்டுநர், ஓடுற வண்டி, கால் நொடி. அவசரத்துல ஒருத்தர் மூளை தப்புப் பண்ணியிருக்கலாம். அமைதியா உக்காந்து பாக்குறவங்க விஷயம் வேற. அத வெச்சு மொத்தத்தையும் எப்படித் தள்ளுறது?”

“அமைதியா உக்காந்தாலும் இதேதான், ஐயா.”

“அத நிரூபிக்க முடியுமா?”

முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். திரையின் ஓரத்தில் காலையிலேயே வந்து நின்ற ஆஜர் பட்டியல் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏழாவது பெயரைப் படித்தாள். படிக்கட்டு நினைவுக்கு வந்தது. கன்னத்தைப் பிடித்த கை நினைவுக்கு வந்தது.

“ஐயா” என்றாள். “திரும்பிப் பாக்காமச் சொல்லுங்க. பூலோகம் வாசல்ல இருக்காரா?”

“இருக்கார்.”

“சார்?”

“உள்ள வரும்போது வணக்கம்கூட வெச்சாரே” என்றார் தேவசகாயம்.

“எழுத்தர் சார்?”

“பட்டியல்லயே இருக்கேம்மா.”

“இப்பத் திரும்பிப் பாருங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். வாசலோரம் முக்காலி காலியாக இருந்தது. அதற்கு மேலே, கதவு நிலையில் அடித்த ஆணியில் பூலோகத்தின் சிவப்புப் பட்டுப்பட்டை தொங்கியது. பித்தளை வில்லை மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது. டவாலிப் பட்டையோடு வெளியே போகக்கூடாது என்பது விதி. அதனால் கழற்றி மாட்டிவிட்டுப் பல் பிடுங்கப் போயிருக்கிறார்.

“பத்து மணிக்கே போயிட்டார்” என்றாள் எஸ்தர். “படியில என் எதிர்ல போனார். பத்து நாப்பதுக்கு எழுத்தர் சார் கண்ணு பாத்தது அந்தச் சிவப்பு மட்டும்தான். அதுவும் ஓரத்துல. சிவப்பு இருந்தா பூலோகம் இருப்பார்னு மூளைக்குப் பதினோரு வருஷமாத் தெரியும். அவரை உக்கார வெச்சிடுச்சு. அவசரம் இல்ல, வண்டி இல்ல. சம்பளத்துக்கு உக்காந்து பாக்குற கண்ணு.”

இசக்கியப்பன் பட்டியலைத் திரும்பப் படித்தார். தவசி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எழுத்தரோட பதிவைப் போடுங்க” என்றார் கோமதிநாயகம் மெதுவாக.

போட்டாள். முக்காலியில் பூலோகம் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மார்பில் சிவப்புப் பட்டை, மடியில் கை.

“என்னோடதையும் போடுங்க” என்று தன் தலையிலிருந்த பதிவுப்பட்டையைத் தொட்டார்.

தீர்ப்பாளரின் கண்பதிவில் பூலோகம் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். கோமதிநாயகம் அந்த இல்லாத வணக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. எஸ்தர் அதைக் கவனித்தாள். இப்போது ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தாள்.

தேவசகாயம்தான் முதலில் சுதாரித்தார்.

“உங்களோடதையும் போடுங்க மேடம்.”

“எதுக்கு?”

“நீங்களும் பட்டை போட்டிருக்கீங்க. எங்க மூளையெல்லாம் கதை கட்டும், உங்களுது மட்டும் கட்டாதா? அவர் போனத நேர்ல பாத்தவங்க நீங்க. உங்க பதிவுல முக்காலி காலியா இருக்கணும்ல?”

உள்ளே நுழைந்தபோது எஸ்தர் என்ன பார்த்தாள்? இயந்திரத்தைப் பார்த்தாள், மனுவைப் பார்த்தாள். வாசலைக் கடந்து வந்தாள், அவ்வளவுதான் நினைவு. தன் பதிவை எடுத்துப் பத்து நாற்பதுக்குத் தள்ளினாள்.

பூலோகம் உட்கார்ந்திருந்தார். அவள் பதிவில் மற்ற இருவர் பதிவைவிடவும் தெளிவாக இருந்தார். கன்னத்தில் கை வைத்திருந்தார்.

“இதான் ஐயா நானும் சொல்றது” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. “எனக்குத் தெரிஞ்சும் என் மூளை அவரை உக்கார வெச்சிருக்கு! தெரிஞ்சாக்கூடத் தப்பிக்க முடியாது. இதவிட என்ன வேணும்?”

“விதி இருபத்திரண்டு” என்றார் தேவசகாயம். “ஒருத்தருக்கொருத்தர் தொடர்பில்லாத மூணு கண்பதிவு ஒத்துப்போனா அது நடந்தது. அதுக்கு மேல விசாரண கிடையாது. எழுத்தர், தீர்ப்பாளர், வாசிப்பாளர். மூணு.”

“முக்காலி காலியா இருக்கு சார்! பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறீங்க?”

“இப்பக் காலியா இருக்கு. பத்து நாப்பதுக்கு இருந்திருக்கார். மூணு பேர் பாத்திருக்காங்க, நீங்க உள்பட. நடுவுல எழுந்து போயிருப்பார்.”

எஸ்தர் தீர்ப்பாளரைப் பார்த்தாள். கோமதிநாயகம் அவளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் ஏதோ தளர்வதை அவள் கண்டாள். கட்டிவைத்த மூட்டையைக் கீழே இறக்கியவனின் தளர்ச்சி. அறுநூற்றுப் பதினோரு பேரும் திரும்பச் சிறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

“டவாலி வரட்டும்” என்றார். “அவரையே கேட்போம்.”

பூலோகம் கால்மணி கழித்து வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. சட்டைக் காலரில் ஒரு சொட்டு ரத்தம். உள்ளே எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவசரமாக ஆணியிலிருந்து பட்டையை எடுத்து மாட்டினார்.

“பூலோகம்” என்றார் தீர்ப்பாளர். “பத்து நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

பூலோகம் சட்டைப்பையைத் தொட்டார். அதற்குள் காகிதத்தில் மடித்த பல் இருந்தது. “ஐயா, மன்னிச்சுக்கிடணும்” என்று ஆரம்பித்தார்.

“நிதானமாச் சொல்லும்” என்றார் இசக்கியப்பன். மரியாதையாகத்தான் சொன்னார், நண்பனிடம் சொல்வதுபோல. “ஆஜர் பட்டியல்ல உம்ம பேர் இருக்கு. ஐயா பதிவுலயும் இருக்கீரு. இல்லன்னு சொன்னா, மூணு கண்பதிவுக்கு எதிரா வாய்ச்சாட்சி ஆகும். அது பொய்ச்சாட்சிக் கேசு. அதுபோக, லீவு சொல்லாம வேலையில இருந்து போனதாவும் ஆகும்.”

பூலோகத்துக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

“பூலோகம், வாயைத் திறந்து காட்டுங்க” என்றாள் எஸ்தர். “புடுங்கின இடத்தக் காட்டுங்க.”

“பல் எப்ப விழுந்ததுங்கிறது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது” என்றார் தேவசகாயம்.

பூலோகம் எஸ்தரைப் பார்த்தார், பிறகு தவசியைப் பார்த்தார். தவசி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் போதும். அந்தக் கிழவர் ‘இல்லை’ என்று சொன்னால், கண்பதிவில் இருக்கிறவன் இல்லாமலும் இருக்கலாம் என்று ஆகும்.

“இருந்தேங்கய்யா” என்றார் பூலோகம். பஞ்சு அடைத்த வாயிலிருந்து சொல் தடித்து வந்தது. “இங்கனதான் இருந்தேன்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏழு வருடம். மேல்முறையீடு கிடையாது. கழிவு என்று விதி சொல்லும் ஒரு பொருளைத் தீர்ப்பாயத்தில் ஓட்டியது தவறு என்பதால், அதை இரண்டு நாள் காத்திராமல் இப்போதே அழிக்கும்படி உத்தரவு. அழிக்க வேண்டியது வாசிப்பாளர். அவள் அழிப்பதை அவள் கண்பதிவிலிருந்தே உறுதி செய்துகொள்வார்கள்.

எஸ்தர் விசையில் விரலை வைத்தாள். அந்தச் சாம்பல் கறை திரையில் கடைசித் தடவையாகத் தலைகீழாகக் குதித்தது. ஒருவரும் நிற்காத கண்ணாடி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

“அழிச்சாச்சு” என்றார் இசக்கியப்பன், அவள் பதிவைச் சரிபார்த்துவிட்டு. “திரை அணையறது தெளிவா இருக்கு.”

அவள் கண்ணைத் திறந்தாள். திரை அணைந்ததை அவள் பார்க்கவே இல்லை. சொல்லிப் பயன் இல்லை.

அருளப்பன் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். தவசி அவரைக் கடந்து போகும்போது, “வீட்டுல சொல்லிருங்கண்ணே” என்றான். அவர் தலையசைத்தார். “நின்னியேல” என்றார், கெஞ்சுவதுபோல. “நின்னதப் பாத்தேன்ல.”

காவல் அறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. பூலோகம் சாவிக்கொத்தோடு முன்னால் போனார். இரும்புக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். தவசி நிலைப்படியில் நின்றான்.

“அண்ணாச்சி” என்றான் தணிந்த குரலில். “நீங்க அங்க இல்லைல?”

பூலோகம் நாக்கால் பஞ்சை ஒதுக்கினார். நடைக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பதிவுப்பட்டை போட்டவர் யாரும் இல்லை.

“இல்லடே” என்றார். “நீயும்தான் அங்க இல்ல. உள்ள போ.”

தவசி உள்ளே போனான். பூலோகம் கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.